ஜெரோம் கரையிறங்கிய பதிவு

நான் வேலைசெய்த அரசாங்கக் கந்தோரின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று, அங்கே இப்போது வேலைசெய்யும் பிள்ளைகள் வீடு தேடி வந்தார்கள். "றீற்றா மிஸ், உங்கட சேவைக்கால அனுபவத்தை எழுதித் தாங்கோ. ரெண்டு பக்கம் போதும்" என்றார்கள். ஓய்வுபெற்றவர்களிடம் இப்படிக் கேட்பது வழக்கம். நாங்களும் கடமை, கண்ணியம், சைக்கிளில் வந்தோம், மழையில் நனைந்தோம் என்று எழுதிக் கொடுப்போம். அவர்களும் படத்தோடு போட்டுவிட்டு வாசிக்காமல் மூடிவைப்பார்கள். நானும் அப்படி ஒன்றை எழுதிக் கொடுத்திருப்பேன். ஆனால் தேத்தண்ணி குடித்தபடி ஒரு பிள்ளை சொன்ன செய்தி என்னைச் சீண்டிவிட்டது. இனித் தகவல் கோரிக்கை எல்லாம் கணினியில்தான் வருமாம். பெயரைத் தட்டினால் அதுவே தேடுமாம். கிடைக்காவிட்டால் 'பதிவேதும் காணப்படவில்லை' என்று தானாகவே பதிலும் போய்விடுமாம்.

"எங்களுக்கு வேலை மிச்சம் மிஸ்" என்று அந்தப் பிள்ளை சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'பதிவேதும் காணப்படவில்லை' என்ற அந்த ஒரு வசனத்தோடு சண்டை பிடித்தே என் சேவையின் கடைசி வருடங்கள் கழிந்தன. ஆகவே சைக்கிளும் மழையும் இந்தக் கட்டுரையில் இல்லை. இரண்டு பக்கத்துக்குள் இது அடங்கவும் மாட்டாது. வெட்டினால் வீட்டுக்கு வந்து சண்டை பிடிப்பேன்.

நான் உப்புக்குளத்துக்காரி. இலிகிதராகச் சேர்ந்து தட்டெழுத்துப் பழகினேன், தாள்களைச் சேர்த்துக் கோவை கட்டப் பழகினேன், சிங்களப் பரீட்சையில் ஒருமுறை விழுந்து மறுமுறை எழும்பினேன். யுத்தகாலத்தில் கந்தோர் இடம்பெயர்ந்த போதெல்லாம் கோவைகளோடு நானும் இடம்பெயர்ந்தேன். என் வயதுக்காரர் எல்லாருக்கும் இதே கதைதான், விட்டுவிடுகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த பிறகுதான் என் சேவை சூடுபிடித்தது. ஒவ்வொரு கந்தோரிலும் அதற்கென்று ஒரு மேசை போடச் சொன்னார்கள். எங்கள் பிரதேச செயலகத்தில் அந்த மேசையில் இருக்க ஒருவரும் விரும்பவில்லை. கேட்க வருகிறவர் கோபத்தோடு வருவார், கொடுக்க வேண்டியவர் பயத்தோடு ஒளிப்பார், நடுவில் இருக்கிறவருக்கு இரண்டு பக்கமும் ஏச்சு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால் என்னைப் பிடித்து அதில் இருத்தினார்கள்.

இருத்தியவர் தியாகராசா சேர், எங்கள் நிர்வாக உத்தியோகத்தர். மெலிந்த மனிதர். குரல் எழுப்பமாட்டார், பேனையைத் திறந்தால் மூடியைப் பின்பக்கம் மாட்டாமல் இடது கையிலேயே வைத்திருப்பார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் என்ன தாளோடு வந்தாலும் அதை வாங்கி மேசையில் குப்புற வைப்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதன் மேல் வைப்பார். "இனிச் சொல்லுங்கோ" என்பார்.

வந்தவர் திகைத்துப்போவார். "அதில எல்லாம் எழுதிக் கிடக்கு சேர்" என்பார்.

"கிடக்கட்டும். அதை நான் பிறகு வாசிப்பன். நீங்கள் உங்கட வாயால சொல்லுங்கோ."

எனக்கு இது பொல்லாத எரிச்சலைத் தந்தது. வெளியே சனம் வரிசையில் நிற்கும், உள்ளே இவர் ஒரு கிழவரிடம் அவருடைய மாடு எந்தப் பக்கத்தால் வீட்டுக்குத் திரும்பும் என்று விசாரித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். சேர் கோபிக்கவில்லை. "தாளை முதல்ல வாசிச்சால் தாளில இருக்கிறதைத்தான் கேப்பம் றீற்றா. தாளில இல்லாததாலதானே இந்தச் சனம் இவ்வளவு தூரம் வருகுது" என்றார். சொன்னது சரிதான். எரிச்சல் மட்டும் கொஞ்சநாள் இருந்தது.

கடிதம் எழுதுவதிலும் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஏன் என்று கேட்கக்கூடாது, எந்தத் தாள் என்று கேட்கவேண்டும். பெரியமடுவிலிருந்து ஒரு கமக்காரர் வந்தார். தன் வயல் வாய்க்காலை ஏன் திருத்தவில்லை, யார் தடுத்தது, ஏழை என்றால் இளக்காரமா என்று பக்கம் பக்கமாக எழுதி, 'நிதி கிடைத்ததும் ஆவன செய்யப்படும்' என்ற பதிலோடு நின்றார். சேர் சொல்லி நான் அதை ஒற்றை வரியாக மாற்றினேன். இந்த வருடம் திருத்த இருக்கும் வாய்க்கால்களின் விபரத்தைப் பிரதி செய்து தரவும், அவ்வளவுதான். பிரதி வந்தது. அதில் அவருடைய வாய்க்கால் இல்லவே இல்லை. அதைச் சேர்க்கும்படி அவருடைய கமக்கார அமைப்பு ஒருகாலமும் கேட்டிருக்கவில்லை. கேட்டார்கள், அடுத்த போகத்துக்கு முன்னே மண்வெட்டி இறங்கியது. மனிதர் ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தார். சேர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு அது பெரிய கவலை.

இவ்வளவும் முன்னுரை. ஜெரோமின் விடயத்துக்கு வருகிறேன்.

சோளகக் காற்று வீசும் காலத்தில், பேசாலையிலிருந்து ஒரு தாயும் மகனும் வந்தார்கள். தாய் பிலோமினா. மகன் ஜெரோம், முப்பதை எட்டிப் பிடிக்கிற வயது, விரலெல்லாம் வலை நூல் அறுத்த தழும்பு. தகப்பன் சூசை பேசாலையிலேயே பிறந்து வளர்ந்த கடற்தொழிலாளி, சில வருடங்களுக்கு முன் நோயில் இறந்துவிட்டார். தாய் மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து நறுவிலிக்குளத்தில் குடியேறிய குடும்பத்துப் பெண். சூசையை விரும்பிக் கட்டும்போது ஞானஸ்நானம் எடுத்து, பார்வதி பிலோமினா ஆனவர். சண்டை மூண்டபோது குடும்பமாக வள்ளம் ஏறி அக்கரைக்குப் போனார்கள். ஜெரோம் பிறந்தது அங்கே, இராமநாதபுரம் பக்கத்து அகதி முகாம் ஒன்றில். கைக்குழந்தையாகக் கப்பலில் தலைமன்னாருக்குத் திரும்பி வந்தான்.

தகப்பன் இலங்கைப் பிரஜை என்றால் பிள்ளை எங்கே பிறந்தாலும் இலங்கைப் பிரஜையாகலாம். ஆனால் அதைப் பதிந்து சான்றிதழ் எடுக்கவேண்டும். இவர்கள் எடுக்கவில்லை. கோயிலில் பெயர் இருக்கிறது, பள்ளிக்கூடம் சேர்த்தது, பிறகென்ன என்று இருந்துவிட்டார்கள். சான்றிதழ் இல்லாததால் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாததால் கடலுக்குப் போகப் பாஸ் இல்லை. ஒருமுறை கூட்டாளியின் வள்ளத்தில் பாஸ் இல்லாமல் போனான். நேவி மறித்து எங்கே பிறந்தாய் என்று கேட்க, பயத்தில் உண்மையைச் சொல்லிவிட்டான். எல்லை தாண்டி வந்த இந்திய மீனவன் என்று கொண்டுபோய்த் தங்கள் முகாமில் இருத்திவிட்டார்கள். பங்குத் தந்தை போய்ப் பொறுப்பெடுத்துக் கூட்டி வரவேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவனுக்குக் கரைவேலைதான். கடற்கரைக் கொட்டிலான வாடியில் இருந்து வலையில் சிக்கிய நண்டு கழற்றுவான், கிழிந்த வலை பொத்துவான், விடிய மற்றவர்களின் வள்ளங்களைத் தள்ளிவிடுவான். "தள்ளிப்போட்டு இடுப்பளவு தண்ணியில நிப்பன் மிஸ். அவங்கள் போயிடுவாங்கள்" என்றான். அதை அவன் முறைப்பாடாகச் சொல்லவில்லை.

பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார்கள். நேர்முகத்துக்குத் திகதி வந்து, தாயும் மகனும் பஸ் பிடித்துக் கொழும்புக்குப் போனார்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரம், தாய் தகப்பனின் விவாகப் பதிவு எல்லாம் சரியாக இருந்தன. நாட்டுக்குள் எப்போது வந்தீர்கள், அதற்கு என்ன பதிவு என்று கேட்டபோது கப்பலில் வந்தோம் என்பதைத் தவிர இவர்களிடம் ஒன்றும் இல்லை. அக்கரையிலிருந்து களவாக வள்ளத்தில் வந்து இறங்குகிறவர்களும் உண்டு, அதனால் அவர்கள் கேட்டதில் பிழை சொல்லமாட்டேன். நுழைவுப் பதிவு உறுதியாகும்வரை நேர்முகம் பிற்போடப்பட்டது. மறுபடி ஒரு திகதி வந்தது, அதுவும் பிற்போடப்பட்டது.

கொழும்பிலுள்ள பதிவை நான் என் அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்க முடியாது. ஆனால் கேட்கும் கடிதத்தை எழுத உதவுவது அந்த மேசையின் கடமை. அவனுடைய பெயர், தாயின் பெயர், பிறந்த திகதி, தலைமன்னாரில் இறங்கிய கப்பல் என்று எல்லாம் போட்டு, ஒற்றைக் கேள்வியாக எழுதி அனுப்பினேன். சட்டம் சொல்லும் தவணைக்குள் பதில் வந்தது. குறிப்பிட்ட பெயர்களில் பதிவேதும் காணப்படவில்லை.

ஜெரோம் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப நான் வரேல்லையா மிஸ்? இஞ்ச நிக்கிறது ஆர்?"

பிறகு, "விடுங்கோ மிஸ். கூட்டாளிமார் கூப்பிடுறாங்கள். பாஸும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம். பிடிச்சால் பிடிக்கட்டும்" என்றான்.

எனக்குக் கோபம் வந்தால் மரியாதை மறந்துவிடும். "பிடிச்சால் உன்னை இந்தியாக்காரரோட சேர்த்து மறியலில போடுவாங்கள். பிறகு கொண்டுபோய் அக்கரையில இறக்குவாங்கள். அங்க உனக்கு ஆர் இருக்கினம்? கொம்மாவை ஆர் பாக்கிறது? இரு அதில!" என்று கத்தினேன். அவன் இருந்தான். எழும்பிய பக்கத்து மேசைக்காரரும் திரும்ப இருந்துவிட்டார்கள்.

சத்தம் கேட்டு சேர் எங்களை உள்ளே கூப்பிட்டார். கொழும்புப் பதிலை வாங்கினார். குப்புற வைத்தார். கண்ணாடியைக் கழற்றி அதன் மேல் வைத்தார்.

"அம்மா, கப்பலில ஆரோட வந்தனீங்கள்?" என்று பிலோமினாவைக் கேட்டார்.

"அதே முகாமில இருந்த என்ர அண்ணன் ஆக்களோட சேர்."

"உங்கட மனுசன்?"

"அவர் முந்தியே வந்திட்டார். வள்ளமும் வலையும் என்ன மாதிரிக் கிடக்கோ எண்டு ஒரே அந்தரம் அவருக்கு. ஒருத்தருக்கும் சொல்லாமல் வள்ளம் ஏறிட்டார்."

நான் அடுத்ததாகக் கப்பலின் பெயரைக் கேட்டிருப்பேன். சேர் வேறொன்றைக் கேட்டார். "அதுக்குப் பிறகு முகாமில உங்களுக்கு அரிசி ஆர் தந்தது?"

பிலோமினா குனிந்தார். சேலைத் தலைப்பை முறுக்கினார்.

"தரேல்ல சேர். குடும்பத்தலைவர் சொல்லாமல் போனால் அரிசி தாற குடும்ப அட்டையை வெட்டிப்போடுவாங்கள். நானும் பிள்ளையும் அட்டை இல்லாமல் நிண்டம். அண்ணன்தான் எங்களைத் தன்ர அட்டையில போட்டவர். என்னைத் தங்கச்சி எண்டு போட்டவர். நான் வேதத்துக்கு வந்தது அவருக்குப் பிடிக்காது, பிலோமினா எண்டு ஒருநாளும் கூப்பிடமாட்டார். பார்வதி எண்டுதான் குடுத்தவர்."

"பிள்ளையை?"

அவர் மகனைப் பார்த்தார். "தன்ர மகன் எண்டு குடுத்தவர். தங்கச்சியின்ர பிள்ளையை ஏத்தமாட்டம், பெத்த பிள்ளை எண்டால்தான் அட்டையில ஏத்தலாம் எண்டு அங்க சொன்னவையாம். அந்த அட்டையை வச்சுத்தான் கப்பலில ஏத்தினவை. தலைமன்னாரில இறங்கேக்கையும் அட்டையைப் பாத்துத்தான் எழுதினவை."

ஜெரோம் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினான். "இவ்வளவு காலமும் ஏனம்மா எனக்குச் சொல்லேல்ல?"

"பொய் சொல்லி வந்தது எண்டு தெரிஞ்சால் உன்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு பயந்தனானடா" என்று தாய் அழத் தொடங்கினார்.

இப்போது எங்களுக்கு விளங்கியது. அவன் வந்ததற்குப் பதிவு இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவில் அவன் வேறொருவருடைய பிள்ளை. அதைக் கேட்டு எடுத்தால் வந்தது நிரூபணமாகும், சூசையின் மகன் என்பது ஆட்டம் காணும். கேட்காமல் விட்டால் நேர்முகம் பிற்போட்டபடியே கிடக்கும். இதைக் கிளறாமல் ஒரு சத்தியக்கடதாசியோடு சமாளிக்கலாமே என்று கந்தோரில் சிலர் காதில் போட்டார்கள். சேர் மறுத்துவிட்டார். "அது அங்க அப்பிடியே கிடக்கும். நாளைக்கு வேற ஆரும் எடுத்துக் கேட்டால் இந்தப் பிள்ளை என்ன சொல்லும்? நாங்களே எடுத்து, நாங்களே சொல்லுவம்" என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

ஆனால் அந்தப் பதிவு பிலோமினாவின் அண்ணன் முத்தையாவின் குடும்பத்துப் பதிவு. மூன்றாம் ஆளின் தனிப்பட்ட விபரத்தைக் கேட்பதானால் அவருடைய சம்மதம் வேண்டும். நானும் ஜெரோமும் நறுவிலிக்குளத்துக்குப் போனோம்.

முத்தையா வயலில் நின்றார். கூலிவேலை செய்து செய்து வளைந்த முதுகு. மருமகனைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "யாரு, சூசை மகனா? வாப்பா, வா. அம்மா, நீங்களும் வாங்க" என்று வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பிளேன்டீ தந்தார். வந்த விடயத்தைச் சொன்னேன். மலர்ந்த முகம் அப்படியே மூடியது. உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்தார். பைக்குள் பை, அதற்குள்ளும் பை. கடைசியில் அவருடைய பிரஜாவுரிமைச் சான்றிதழ்.

"எங்க தாத்தா இந்த நாட்டுல தேயிலை நட்டவரு. எங்கப்பா இந்த நாட்டுல பொறந்து, பேப்பர் இல்லாமலே செத்தாருங்க. எனக்கு இது கைக்கு வந்தப்ப தலை நரைச்சிருச்சு" என்றார். "இப்ப நான் கையெழுத்துப் போட்டு, முத்தையா அன்னைக்குப் பொய் சொல்லிட்டான்னு அங்க எழுதிட்டாங்கன்னா? இதைப் புடுங்கிட்டுப் போயிருவாங்க. என் புள்ளைங்க, பேரப் புள்ளைங்க எல்லாரும் இது மேலதாங்க நிக்கிறாங்க."

அப்படி நடக்காது என்று சட்டம் பேசினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே பையை மடித்தார். "நீங்க நல்லவங்க அம்மா. ஆனா சட்டம் மாறும். நாங்க பாத்திருக்கோம்."

ஜெரோம் என் கையைத் தொட்டு, "விடுங்கோ மிஸ். மாமாவை வில்லங்கப்படுத்த வேண்டாம்" என்றான்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கந்தோருக்குள் கால் வைத்ததும், "சரியான பயந்தாங்கொள்ளி சேர் அந்த மனுசன்" என்றேன்.

"அவற்ர பயம் உங்கட சேவைக்காலத்தை விடப் பழசு றீற்றா" என்றார் சேர். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

இரண்டு நாள் அந்தப் பையே கண்ணுக்குள் நின்றது. அந்த ஒரு தாள் போனால் தானே போய்விட்டதாக நினைக்கிற மனிதரிடம் எப்படிக் கையெழுத்துக் கேட்பது? அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மேசை எதற்கு இருக்கிறது? மறுபடி நறுவிலிக்குளம் போனேன், இந்தமுறை தனியாக.

"ஐயா, ஜெரோமின்ர கதையை விடுவம். உங்கட பேரிலயே ஒரு கடிதம் கொண்டு வந்திருக்கிறன். உங்கட பிரஜாவுரிமைப் பதிவின்ர உறுதிப்படுத்திய பிரதியை உங்களுக்கே அனுப்பச் சொல்லி. வேறொண்டும் இல்லை."

சந்தேகத்தோடு வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மகளையும் கூப்பிட்டு வாசிக்க வைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். பதில் அவருடைய வீட்டுக்கே வந்தது. அவர் உறையைப் பிரிக்காமல் எனக்கு ஆள் அனுப்பினார். நான் போய்ப் பிரித்தேன். முத்திரை குத்திய பிரதி. அதைப் பையில் இருந்ததோடு பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தார்.

"அப்போ அங்கயும் என் பேரு இருக்கா?"

"அங்கதான் ஐயா இருக்கு. புத்தகத்தில எழுதிக் கிடக்கு. உங்கட கையில இருக்கிறது அதுக்கு ஒரு அத்தாட்சி."

"இந்தப் பையை ஆடு தின்னுருச்சுன்னா?"

"ஆடு திண்டாலும் நீங்கள் இலங்கைக்காரன்தான்."

அவர் சிரித்தார். வீட்டிலிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். "புள்ளையோட பேப்பரைக் குடுங்க. எங்க போடணும்?"

இரண்டாவது கோரிக்கை போனது. தவணை கடந்தும் பதில் வரவில்லை. மேன்முறையீடு எழுதினேன். பழைய பெட்டிகளைத் தேடவேண்டியிருக்கிறது, அவகாசம் வேண்டும் என்றார்கள். அவகாசம் கொடுத்தேன், முடிந்த அன்றே நினைவூட்டல் அனுப்பினேன். நிமிர்ந்து பார்த்தால் சேர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். எனக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இது முடியாமல் நான் இந்தக் கதிரையை விட்டு எழும்பமாட்டேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிரதி வந்தது. முத்தையா, மனைவி, தங்கை பார்வதி, பிள்ளைகள். கடைசி வரியில் பெயர்கூட இல்லை. 'கைக்குழந்தை, ஆண், மகன்' என்று மட்டும் இருந்தது. அதுதான் ஜெரோம்.

நேர்முகத்துக்கு மறுபடி திகதி கேட்டு எழுதினோம். கிடைத்தது. நான் லீவு போட்டுவிட்டு அவர்களோடு போனேன். ஜெரோம், தாய், பையைக் கமக்கட்டுக்குள் வைத்த முத்தையா. விசாரித்த அதிகாரி அமைதியான சிங்கள மனிதர். அன்றைக்கென்று மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. இன்னொரு திகதி தருகிறேன் என்று அவர் நாட்காட்டியைப் புரட்டினார்.

நான் எழும்பினேன். "ஐயா, நான் அரச உத்தியோகத்தர். சிங்களப் பரீட்சை பாசானவள். இவர்கள் சம்மதித்தால் நான் மொழிபெயர்க்கிறேன். இன்னொரு திகதி வேண்டாம்" என்று சிங்களத்தில் சொன்னேன். என் சிங்களம் அன்றைக்குத்தான் எனக்கே அழகாகக் கேட்டது. அவர் என் சேவை அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், நாட்காட்டியை மூடினார்.

முத்தையாவிடம், "இந்தப் பதிவின்படி இவர் உங்கள் மகன். சரியா?" என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

முத்தையா ஜெரோமைப் பார்த்தார். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லீங்க. நான் பெத்த புள்ள இல்ல. என் தங்கச்சி மகன்" என்றார்.

"அப்படியென்றால் ஏன் மகன் என்று சொன்னீர்கள்?"

"அட்டையில இல்லாத புள்ளைக்கு அரிசி கெடையாதுங்க. கப்பல்ல எடமும் கெடையாது. எம் புள்ளன்னு சொன்னா ஏத்துவாங்க. சொன்னேன். கப்பல்ல நான்தாங்க இவனைத் தூக்கிட்டு வந்தேன். வழியெல்லாம் வாந்தி, என் சட்டையெல்லாம் நாசம். இன்னொருக்கா அப்படி ஒரு நெலமை வந்தாலும் எம் புள்ளன்னுதான் சொல்லுவேன்."

கடைசி வசனத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு மொழிபெயர்த்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் அவருடைய சொல்லை வெட்ட நான் யார்? ஒன்றும் விடாமல் அப்படியே சொன்னேன். அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். பிலோமினாவிடம் இது சரியா என்று கேட்டார். அவர் அழுகையோடு "ஓம்" என்றார். பிறகு அதிகாரி நிறைய எழுதினார், மூவரிடமும் கையெழுத்து வாங்கினார். நாங்கள் எழும்பும்போது முத்தையாவிடம் தனக்குத் தெரிந்த தமிழில், "ஐயா போங்க. பயம் வேணாம்" என்றார்.

வெளியே வந்து பிலோமினா படியிலேயே இருந்துவிட்டார். "பார்வதி, எந்திரி. பஸ்ஸு போயிரும்" என்று முத்தையா அதட்டினார். "வாறன் அண்ணே" என்று அவர் எழும்பினார். அந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பியும் பார்க்கமாட்டேன் என்று என்னிடம் முன்பு சொன்னவர் அவர்தான்.

ஜெரோமின் சான்றிதழ் வந்தபோது நான் இன்னும் கதிரையில்தான் இருந்தேன். அடையாள அட்டையும் பாஸும் வருவதற்குள் ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிள்ளைகளே, கணினி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொழும்பார் முதலில் அனுப்பிய பதிலில் ஒரு சொல்லும் பொய் இல்லை. நாங்கள் கொடுத்த பெயர்களில் பதிவு இல்லைதான். கணினியும் அதைத்தான் சொல்லும், இன்னும் விரைவாகச் சொல்லும். அந்தப் பதில் போன பிறகு அந்த ஆளைக் கூப்பிட்டு இருத்தி, ஆரோட வந்தனீங்கள் என்று கேளுங்கள். வரிசை நீளும்தான். நீளட்டும்.

ஒருநாள் காலை, சந்தையால் வந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. காற்றும் என்ஜின் சத்தமும் ஒரே இரைச்சல்.

"மிஸ்! ஜெரோம் கதைக்கிறன். கடலுக்க நிக்கிறன் மிஸ்!"

"கவனமடா. என்ன சத்தம் அது?"

"நேவி மறிச்சவங்கள் மிஸ். எங்க பிறந்தனீ எண்டு கேட்டாங்கள். இந்தியாவில எண்டு சொன்னனான். அடையாள அட்டையைக் குடுத்தனான். பிறந்த இடம் இந்தியா எண்டு அதிலயும் கிடக்குத்தானே. ரெண்டு பக்கமும் பாத்திட்டு, சரி போ எண்டு தந்திட்டாங்கள்."

கத்தி பிடித்த கையாலேயே கண்ணைத் துடைத்தேன். எதையாவது சொல்லவேண்டுமே என்று, "என்ன மீன் பட்டது?" என்று கேட்டேன்.

"ஒண்டும் இல்லை மிஸ்" என்றான். "இனித்தான் வலை விடப்போறன்."